சென்னை – நியூயார்க்: தூரம் 13,476 கிலோமீட்டர், நேரம் எவ்வளவு?

பள்ளி விடுமுறை நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் சாயலே மாறிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் அப்பா அம்மாக்கள் எழுதியவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இந்த நீண்ட பயணத்தைப் பற்றி மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மகளுக்குப் பிரசவம், நியூஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் இருக்கிறாள். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் 13,476 கிலோமீட்டர் என்று கூகுளில் வருகிறது. விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் என்றால் 15 மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். டிராவல் ஏஜென்ட் 22 மணி நேரம் என்கிறார், மாப்பிள்ளையோ ஒன்றரை நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறார். யார் சொல்வது சரி? – வாசகி, மயிலாடுதுறை

பதில்: மூன்றுமே சரிதான் அம்மா. ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்திலிருந்து அளக்கிறீர்கள், அவ்வளவுதான். உங்கள் 15 மணி நேரம் என்பது சென்னை ஓடுதளத்தில் இருந்து கிளம்பி எங்கும் நிற்காமல், எதற்காகவும் வளையாமல் நியூயார்க் ஓடுதளத்தில் இறங்கும் விமானத்துக்கு. சென்னையிலிருந்து அப்படி ஒரு விமானம் இல்லை. நடுவில் துபாய், தோஹா, லண்டன், பிராங்க்பர்ட் என்று எங்காவது ஒரு இடத்தில் இறங்கி ஏற வேண்டும். துபாய் வழி என்றால் முதலில் 4 மணி நேரம், அங்கே காத்திருப்பு ஒரு 4 மணி நேரம், அப்புறம் நியூயார்க் வரை 14 மணி நேரம். ஏஜென்ட் சொன்ன 22 வந்துவிட்டது.

மாப்பிள்ளை சொல்வது வீட்டு வாசலில் இருந்து வீட்டு வாசல் வரை. என்னைக் கேட்டால் அந்தக் கணக்கைத்தான் நம்பச் சொல்வேன், ஏனென்றால் உங்கள் காலும் முதுகும் அந்தக் கணக்கைத்தான் உணரப்போகின்றன. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். விமானம் புதன்கிழமை அதிகாலை 4 மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் சாயங்காலம் ஆறு மணிக்கு மயிலாடுதுறையில் விளக்கேற்றிவிட்டுக் காரில் கிளம்பினால் நடு இரவுக்கு மீனம்பாக்கம். செக்-இன், இமிக்ரேஷன், செக்யூரிட்டி எல்லாம் முடித்து உட்கார நாலு மணி நேரம் சரியாக இருக்கும். அதிகாலை 4 மணியில் இருந்து 22 மணி நேரம் கழித்து நியூயார்க்கில் இறங்கும்போது நம் ஊரில் வியாழன் அதிகாலை 2 மணி, அங்கே (கோடைக்காலம் என்றால்) புதன் மாலை 4.30. இமிக்ரேஷன் வரிசையும் லக்கேஜ் பெல்ட்டும் சேர்ந்து இரண்டு மணி நேரம், அங்கிருந்து எடிசனுக்குச் சாயங்கால டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம். மகள் வீட்டுக் கதவைத் தட்டும்போது அங்கே புதன் இரவு 8 மணி. நீங்கள் வீட்டை விட்டு வெளியே வந்து முப்பத்தைந்தரை மணி நேரம் ஆகியிருக்கும்.

இன்னொன்று. நியூயார்க்கைச் சுற்றி இருக்கும் பெரிய விமான நிலையங்களில் நியூவர்க் என்பது நியூஜெர்சியிலேயே இருக்கிறது, எடிசனுக்கு அதுதான் பக்கம். டிக்கெட் தேடும்போது ஜே.எஃப்.கே. மட்டும் பார்க்காமல் நியூவர்க்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். விலை ஒரே மாதிரி இருந்தால் கடைசி ஒரு மணி நேரத்தை அது மிச்சப்படுத்தும், அந்தக் கடைசி ஒரு மணி நேரம்தான் வயதானவர்களுக்கு ரொம்பக் கஷ்டமானது.

கேள்வி: என் பையன் ஏழாம் வகுப்பு. அட்லஸில் ஸ்கேல் வைத்துச் சென்னைக்கும் நியூயார்க்குக்கும் கோடு போட்டான், அரபிக்கடல், சவுதி, சகாரா, அட்லாண்டிக் என்று போகிறது. நியூயார்க் போகும் விமானங்களோ வரைபடத்தில் வடக்கே ஏறிக் கிரீன்லாந்துப் பக்கம் போய் இறங்குவதாகக் காட்டுகிறார்கள். ஏன் இப்படிச் சுற்ற வேண்டும் என்று கேட்கிறான், எனக்கே தெரியவில்லை. – வாசகர், திருநெல்வேலி

பதில்: பையனிடம் ஸ்கேலை வாங்கி வைத்துவிட்டு ஒரு உலக உருண்டையும் தையல் நூலும் கொடுங்கள். கடையில் கிடைக்கும் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை போதும். நூலின் ஒரு நுனியைச் சென்னையில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுநுனியை நியூயார்க்கில் வைத்து, நூலில் தொய்வே இல்லாதபடி இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நூல் தானாகவே மேலே ஏறிப் போய் உட்காரும். அவன் பிடித்து வளைக்க வேண்டியதே இல்லை, இறுக்கம்தான் அதை அங்கே கொண்டு போகிறது.

இப்போது நூல் போகும் வழியை விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். சென்னையில் இருந்து மேற்கே கிளம்பாது, ஏறக்குறைய வடக்கே, சற்று இடப்பக்கம் சாய்ந்து கிளம்பும். ராஜஸ்தான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான். அப்புறம் ஏரல் கடல். அதைத் தாண்டி ரஷ்யா, பின்லாந்து, சுவீடனும் நார்வேயும் வடதுருவ வட்டத்தைத் தொடும் இடம், ஐஸ்லாந்துக்கு வடக்கே கடல், கிரீன்லாந்தின் தெற்குப் பகுதி, கனடாவின் லாப்ரடார், கடைசியில் நியூயார்க். அந்த நூலை எடுத்து அளந்தால் கிட்டத்தட்ட 32 சென்டிமீட்டர் இருக்கும். அந்த உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 425 கிலோமீட்டர். பெருக்கச் சொல்லுங்கள், கூகுள் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஏழாம் வகுப்புப் பையன் தன் கையால் ஒரு நூலை வைத்து அதைக் கண்டுபிடித்தால் அதை வாழ்நாளில் மறக்கமாட்டான்.

அட்லஸ் ஏன் வேறு மாதிரி காட்டியது என்றால், உருண்டையின் தோலை உரித்துத் தட்டையாகப் பரப்ப முடியாது, ஆரஞ்சுத் தோலைப் பரப்பிப் பாருங்கள், கிழியும். கிழியாமல் பரப்ப வடக்கும் தெற்கும் இழுத்து அகலமாக்கப்படுகின்றன. நாம் சுவரில் மாட்டும் மெர்கேட்டர் வரைபடத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிவது அதனால்தான், உண்மையில் ஆப்பிரிக்கா அதைவிடப் பதினான்கு மடங்கு பெரியது. அந்த வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோட்டின் வழியே நிஜமாகவே பறந்தால் சுமார் 15,365 கிலோமீட்டர் ஆகும், நூல் வழியைவிட ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் அதிகம். கோடு நேராகத் தெரிகிறது, தூரம் கூடிவிடுகிறது. நூல் பிடித்த வழியைத்தான் பெருவட்டப் பாதை என்கிறார்கள், இணையத்தில் இரண்டு ஊருக்கு இடையே விமானத் தூரம் என்று வருவதெல்லாம் இந்தத் தூரம்தான்.

கேள்வி: மகன் கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறான். சிலர் துபாய் வழி போ என்கிறார்கள், சிலர் சிங்கப்பூர் வழி என்கிறார்கள், தூரத்தில் பெரிய வித்தியாசம் உண்டா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ரொம்ப நல்ல கேள்வி, டிக்கெட் எடுக்கும்போது பலரும் விலையை மட்டும் பார்த்துவிட்டு இதைப் பார்ப்பதில்லை.

சென்னையிலிருந்து வைத்துச் சொல்கிறேன். மேற்கே துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர், கிழக்கே சிங்கப்பூர் சுமார் 2,920. நடுவில் நிற்கிறோம். ஆனால் அங்கிருந்து மேலே போகும் தூரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நியூயார்க் போகிறவர்களுக்குத் துபாய் வழி மொத்தம் சுமார் 13,940 கிலோமீட்டர், அதாவது நேர் தூரத்தைவிட வெறும் 460 கிலோமீட்டர்தான் கூடுதல். லண்டன் வழி போனால் இன்னும் குறைவு, சுமார் 13,775. இறங்கி ஏறினாலும் வழியிலேயேதான் இறங்குகிறோம் என்று அர்த்தம். அதே நியூயார்க்குக்குச் சிங்கப்பூர் போய்ப் போனால் 18,270 கிலோமீட்டருக்கு மேல், ஒரு டெல்லி போய் வரும் தூரத்தையும் தாண்டிக் கூடுதல். டிக்கெட் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தாலும் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை அந்த வழியில் நியூயார்க்குக்கு அனுப்பாதீர்கள் என்றே சொல்வேன்.

உங்கள் மகன் இருக்கும் மேற்குக் கரைக்குக் கணக்கு மாறிவிடுகிறது. சென்னைக்கும், சான் ஹோசேக்குப் பக்கத்தில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நேர் தூரம் சுமார் 13,915 கிலோமீட்டர். நூல் பிடித்துப் பார்த்தால் அது வடகிழக்குப் பக்கம் சாய்ந்து கிளம்பும். ஆகவே கிழக்கே ஹாங்காங் வழி போனால் சுமார் 14,800 கிலோமீட்டர், துபாய் வழி சுமார் 16,000, சிங்கப்பூர் வழி சுமார் 16,500, பிராங்க்பர்ட் வழி அதற்கும் கொஞ்சம் மேலே. நியூயார்க்குக்கு நல்ல வழியாக இருக்கும் ஊர் கலிபோர்னியாவுக்கு நல்ல வழியாக இருக்க வேண்டியதில்லை.

நேர் தூரமே எப்போதும் பறக்கும் வழியும் இல்லை என்பதற்கு உங்கள் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதன்முதலாக இடைநில்லா விமானம் விட்டது. கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் நான்கு பெண் விமானிகள் ஓட்டி வந்த விமானம் அது. இரண்டு ஊர்களுக்கும் நேர் தூரம் 14,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அந்த விமானம் வட துருவத்துக்கு மேலாகப் பறந்து சுமார் 16,000 கிலோமீட்டர் கடந்து, கிட்டத்தட்ட 17 மணி நேரத்தில் வந்து இறங்கியது. காற்று எந்தப் பக்கம் சாதகமாக இருக்கிறது, எந்த நாட்டின் மேல் பறக்க அனுமதி இருக்கிறது, அவசரத்துக்கு இறங்க எங்கே விமான நிலையம் இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொரு நாளும் வழியைத் தனியாகப் போடுகிறார்கள். நேற்று போன வழியில் இன்று போகாது.

கேள்வி: துபாயிலிருந்து நியூயார்க் போக 14 மணி நேரம், திரும்பி வர 12½ மணி நேரம் என்று டிக்கெட்டில் இருக்கிறது. பூமி சுழல்வதால்தானே? பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறது என்றால் மேற்கே போகும்போதுதானே ஊர் நம்மை நோக்கி வர வேண்டும், நேரம் குறைய வேண்டும்? – கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: சந்தேகம் சரியான இடத்தில் வந்திருக்கிறது தம்பி, முதல் பாதியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பூமி சுழலும்போது காற்றையும் சேர்த்துத்தான் இழுத்துக்கொண்டு சுழல்கிறது. நம் ஊர் இருக்கும் இடத்தில் தரை மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. காற்று கூடவே வராவிட்டால் மொட்டை மாடியில் துணி காயப்போட முடியாது. தென்னை மரத்திலிருந்து விழும் தேங்காய் மரத்தடியில்தானே விழுகிறது, மேற்கே இருக்கும் அடுத்த தோப்பில் போய் விழுவதில்லை. விமானமும் அப்படித்தான், கிளம்பும்போதே பூமியின் சுழற்சி வேகத்தோடுதான் கிளம்புகிறது.

வித்தியாசம் வருவது காற்றால். வெப்பமண்டலத்தின் சூடான காற்றும் துருவப் பக்கத்துக் குளிர்ந்த காற்றும் சந்திக்கும் பகுதிகளில், தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு ஆறு போல மேற்கிலிருந்து கிழக்கே காற்று ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். அது கிழக்குப் பக்கம் திரும்பி ஓடுவதற்குக் காரணம் பூமியின் சுழற்சிதான், ஆகவே நீங்கள் சொன்னதில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. நீண்ட தூர விமானங்கள் பறப்பதும் அதே உயரத்தில். குளிர்காலத்தில் இந்த ஓட்டம் பலமாக இருக்கும்.

சும்மா ஒரு கணக்குப் போடுவோம். துபாய் – நியூயார்க் சுமார் 11,000 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் 900. வழி முழுக்கச் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்காற்று என்றால் தரைக்கு மேல் அதன் வேகம் 840தான், 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே காற்று முதுகில் தள்ளினால் 960, பதினொன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இதோடு ஏறும் நேரம், இறங்கும் நேரம், ஓடுதளத்தில் வரிசையில் நிற்கும் நேரம் சேர்ந்தால் உங்கள் டிக்கெட்டில் இருக்கும் எண்கள் வந்துவிடும். டிக்கெட்டில் அச்சாகும் நேரம் வாயிலில் இருந்து விமானம் நகர்ந்தது முதல் அந்த ஊரில் வாயிலில் வந்து நிற்கும் வரை, வெறும் பறக்கும் நேரம் அல்ல.

2020 பிப்ரவரி 9ஆம் தேதி சியாரா என்ற புயல் அட்லாண்டிக்கில் வீசியபோது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் வழி. தரைக்கு மேல் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியைவிட வேகமாகப் போய்விட்டதா என்று கேட்பீர்கள், இல்லை. சுற்றியிருந்த காற்றோடு ஒப்பிட்டால் அது வழக்கமான வேகத்தில்தான் போனது, அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

கேள்வி: போன வருடம் டெல்லியிலிருந்து நியூயார்க் போனோம். இடைநில்லா விமானம் என்று டிக்கெட் எடுத்தும் வியன்னாவில் இறக்கி எரிபொருள் போட்டார்கள். முன்பெல்லாம் ஒரே மூச்சில் போன விமானம் இப்போது ஏன் நிற்கிறது, தூரம் மாறிவிட்டதா? – வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: ஊர்களுக்கு நடுவே தூரம் மாறவில்லை, வானத்தில் வழி மாறிவிட்டது. 2025 ஏப்ரல் 24ஆம் தேதி பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் எந்த விமானத்துக்கும் அதுதான் வாசற்படி. அதை மூடினால் தெற்கே குஜராத் வரை இறங்கி, அரபிக்கடலுக்குப் போய், வளைகுடாவைத் தொட்டு மறுபடி வடக்கே ஏற வேண்டும். கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். அவ்வளவையும் ஏற்றினால் எடை கூடும், அந்த எடையைத் தூக்க இன்னும் எரிபொருள் வேண்டும். அதற்குப் பயணிகளையும் லக்கேஜையும் குறைக்க வேண்டும், அல்லது நடுவில் இறங்கி நிரப்ப வேண்டும். விமானிகள் எத்தனை மணி நேரம் தொடர்ந்து பணியில் இருக்கலாம் என்ற வரம்பும் இருக்கிறது, அதனால் அங்கே ஆளையும் மாற்றுவார்கள். 2019இல் பாலாகோட் தாக்குதலுக்குப் பிறகும் இதே மாதிரி பிப்ரவரி கடைசியில் மூடி ஜூலை நடுவில்தான் திறந்தார்கள்.

மேலே திருநெல்வேலிப் பையன் பிடித்த நூலை நினைத்துப் பாருங்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ரஷ்யா என்று அது போகும் வழியில் எத்தனை கதவுகள். உக்ரைன் போருக்குப் பிறகு 2022இல் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்யாவும் ஒருவருக்கொருவர் வானத்தை மூடிக்கொண்டன. பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த விமானம் அன்றிலிருந்து சுமார் 13 மணி நேரம் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. தரையில் நடக்கும் சண்டைக்குப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், கால் வீங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியும் விலை கொடுக்கிறாள். எனக்கு இதை நினைத்தால் நிஜமாகவே மனம் கஷ்டப்படுகிறது.

கேள்வி: ஒரு செயலியில் சென்னை – நியூயார்க் 8,374 மைல், இன்னொன்றில் 7,277 மைல். எது சரி? – வாசகர், ஓசூர்

பதில்: இரண்டும். முதலாவது சாதாரண மைல், 1.609 கிலோமீட்டர். இரண்டாவது கடல் மைல், 1.852 கிலோமீட்டர். கப்பல்காரர்களும் விமானிகளும் கடல் மைலைத்தான் பயன்படுத்துகிறார்கள், பூமியின் அட்சரேகையில் ஒரு பாகையை 60ஆகப் பிரித்தால் வரும் ஒரு துண்டு அது.

கேள்வி: உலகத்திலேயே நீளமான விமானப் பயணம் எது? அவ்வளவு தூரம் விமானம் போகும் என்றால் சென்னையிலிருந்து ஏன் நேராக விடவில்லை? – வாசகர், ஈரோடு

பதில்: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே., 15,349 கிலோமீட்டர், ஏறக்குறைய 19 மணி நேரம். சென்னையைவிட 1,900 கிலோமீட்டர் அதிகம். ஆகவே தடை தூரத்தில் இல்லை. அந்த விமானத்தின் உள்ளே பார்த்தால் விஷயம் புரியும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதற்கென்றே வாங்கிய ஏர்பஸ் ஏ350 விமானத்தில் மொத்தம் 161 இருக்கைகள்தான், பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94, சாதாரண எகானமி கிடையாது. எரிபொருள் 1,65,000 லிட்டர் வரை பிடிக்கும். சிங்கப்பூரிலிருந்து நியூவர்க்குக்கு 2004இல் தொடங்கிய முந்தைய சேவையை, நான்கு இன்ஜின் விமானம் குடித்த எரிபொருள் கட்டுப்படியாகாமல், 2013இல் நிறுத்தி, இரண்டு இன்ஜின் விமானம் வந்தபிறகு 2018இல்தான் மறுபடி தொடங்கினார்கள். தினமும் அந்த விலை கொடுக்கும் ஆட்கள் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து நியூயார்க் போகிறவர்களில் பெரும்பாலானோர் எகானமியில் போகும் குடும்பங்கள், மாணவர்கள். அவர்களை வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் சேர்த்துப் பெரிய விமானத்தில் ஏற்றுவதுதான் மலிவாக முடிகிறது. என்றாவது ஒரு நாள் சென்னையிலிருந்தும் நேராகக் கிளம்ப வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருக்கிறது.

கேள்வி: அம்மா தனியாகப் போகிறார், வயது 71, சர்க்கரை உண்டு. நடுவில் 1 மணி 15 நிமிட கனெக்ஷன் இருக்கும் டிக்கெட் மலிவாகவும் மொத்த நேரம் குறைவாகவும் இருக்கிறது. எடுக்கலாமா? – வாசகி, தாம்பரம்

பதில்: எடுக்காதீர்கள். இதை யோசித்துச் சொல்லவில்லை, அனுபவித்துச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் அம்மாவை அழைத்துக்கொண்டு அமெரிக்கா கிளம்பினேன். பதினோராயிரம் ரூபாய் மிச்சமாகிறது என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக டிக்கெட் எடுத்தேன். நடுவில் இரண்டரை மணி நேரம். போதும் என்று நினைத்தேன். முதல் விமானம் 50 நிமிடம் தாமதம். இறங்கியதும் நேராகக் கட்டடத்துக்குள் போக முடியாமல் பஸ்ஸில் ஏற்றினார்கள், பஸ் நிரம்பும் வரை நின்றது. தனித்தனி டிக்கெட் என்பதால் லக்கேஜை வெளியே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். வீல்சேர் வர இருபது நிமிடம். கவுன்டருக்குப் போனபோது மூடிவிட்டார்கள். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து மாத்திரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார், அது பெரிய பெட்டிக்குள் இருந்தது. ஏழு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பதினோராயிரம் மிச்சம் பிடித்த இடத்தில் புது டிக்கெட்டுக்கு அதைப்போல ஐந்து மடங்கு போனது. அது கூடப் பரவாயில்லை, பெல்ட்டிலிருந்து எடுத்த பெட்டியைத் தரையில் படுக்கவைத்து, நான் சாவி போட்டுத் திறந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தபோது அம்மாவின் கை நடுங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை.

அதனால், முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்கட்டும். அப்படி இருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் அனுப்புவது அவர்கள் பொறுப்பு, லக்கேஜும் கடைசி ஊர் வரை நேராகப் போய்விடும். காத்திருப்பு மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஐந்துக்கு மேல் போகாமல் பாருங்கள். வீல்சேர் என்பது நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் என்று அம்மாக்கள் கூச்சப்படுவார்கள், டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிந்துவிடுங்கள், மொழி தெரியாத இடத்தில் கையைப் பிடித்துச் சரியான வாயிலில் கொண்டு விட ஒரு ஆள் கிடைப்பதே பெரிய விஷயம். அபுதாபி வழி டிக்கெட் கிடைத்தால் அதையும் யோசியுங்கள். அமெரிக்க இமிக்ரேஷன் சோதனையை அங்கேயே முடித்து அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது, அமெரிக்காவில் இறங்கியதும் உள்நாட்டு விமானத்தில் வந்தவர் போல வெளியே வந்துவிடலாம். ஆனால் அந்தச் சோதனைக்கும் நேரம் வேண்டும், அங்கே காத்திருப்பு குறைவாக வைக்கக் கூடாது.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின், மருந்துச் சீட்டு எல்லாம் கைப்பையில். எந்த நேரத்துக்கு எதைப் போடுவது என்பதை டாக்டரிடம் கேட்டு, நம் ஊர் நேரத்திலேயே ஒரு தாளில் எழுதி, அம்மாவின் கைக்கடிகாரத்தை மகள் வீடு சேரும் வரை மாற்றாமல் விடச் சொல்லுங்கள். ஒன்பதரை மணி நேர வித்தியாசம் நடுவில் குழப்பாது. நவம்பர் முதல் ஞாயிறுக்கும் மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கும் நடுவே அது பத்தரை மணி நேரமாகிவிடும், போன் பேசும்போது நினைவிருக்கட்டும். நடைபாதை ஓர இருக்கையாகக் கேளுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வசதி, கால் வீக்கத்துக்கு அதுதான் மருந்து.

கேள்வி: ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து ஊர் திரும்புகிறோம், இரவு விமானம். வடக்கே வானத்தில் பச்சையாக ஒளி தெரியுமாமே, விமானத்திலிருந்து பார்க்க முடியுமா? – வாசகி, காரைக்குடி

பதில்: முடியும், ஆனால் உறுதி இல்லை, அன்றைக்கு வானம் எப்படியோ அப்படி. கிழக்கே வரும்போது வடக்கு உங்களுக்கு இடப்பக்கம், ஆகவே இடப்பக்க ஜன்னலோர இருக்கையை இப்போதே போட்டுவிடுங்கள், இறக்கைக்கு முன்னாலோ நன்றாகப் பின்னாலோ. கிளம்பி இரண்டு மணி நேரத்துக்கு மேல், கனடாவின் கிழக்கு முனையைத் தாண்டி அட்லாண்டிக்கில் நுழைந்ததும் பார்க்க ஆரம்பியுங்கள். உள்ளே விளக்கெல்லாம் அணைத்திருப்பார்கள், இருந்தாலும் முன்னால் இருக்கும் திரையையும் அணைத்துவிட்டு, போர்வையைத் தலையோடு ஜன்னலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் காத்திருங்கள். முதலில் மெல்லிய மேகம் போலத்தான் இருக்கும், அசைந்தால் அதுதான்.